கழுத்தில் கட்டி: பயமா, பரிசோதனையா?



ஒரு வெல்டிங் ஜாயின்ட்டை வெளியே பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று பாஸ் பண்ணக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். உள்ளே விரிசல் இருக்கா, ஓட்டை இருக்கா என்று அல்ட்ராசானிக் டெஸ்ட் பண்ண வேண்டும். இரும்புக்குக் காட்டுகிற அந்த அக்கறையை என் அம்மாவின் கழுத்துக்கு எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் யாரும் காட்டவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அம்மாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொள்வாள். கேட்டால், "ஒண்ணுமில்ல மக்களே, சளிக்கட்டியாக்கும்" என்பாள். மனசுக்குள்ளோ, புற்று என்று தெரிந்தால் அக்கா கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம். யாரோ சொன்ன பச்சிலைப் பற்றும் போட்டாள். கட்டி கரையவில்லை, தோல்தான் வெந்தது.

தைராய்டு என்ன செய்கிறது?

குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில், சுமார் 20 கிராம் எடையுள்ள சுரப்பி இது. நாம் சாப்பிடும் அயோடினைக் கொண்டு டி3, டி4 என்ற ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. உடம்பு என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. எஞ்சினுக்குக் கவர்னர் போல, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இதைக் கட்டுப்படுத்துகிறது. ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்பதை அதிகம் அனுப்பும். அந்த விரட்டல் தொடர்ந்தால் தைராய்டு வீங்கும், கட்டிகளும் வரலாம்.

கடல் பக்கத்தில் இருந்தால் போதுமா?

அயோடின் குறைவு ஒரு முக்கிய காரணம். 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைக் கொடுத்து ஆய்வு தொடங்கினார்கள். அங்கே கழுத்துக் கழலை குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டமே வந்தது.

"சாமித்தோப்பிலயும் புத்தளத்திலயும் உப்பளம் இருக்கு, நமக்கு என்ன குறை?" என்று கேட்கலாம். கடல் உப்பில் இயற்கையாக அயோடின் மிகமிகக் குறைவு. சேர்த்தால்தான் உண்டு. கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம்தான்.

நம்ம மரச்சீனியில் உள்ள ஒரு பொருள், அயோடின் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். அதற்காக மரச்சீனியை விட வேண்டாம். நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மீன்கறியோடு சாப்பிடுங்கள். கடல் மீனில் அயோடின் உண்டு.

"மணவாளக்குறிச்சி மணல்தான் காரணம்" என்பாரும் உண்டு. இதே போன்ற மோனசைட் மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆனால் சின்ன வயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடி முன் நின்று, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது கட்டி மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டாக இருக்கலாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. முதலில் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. இது நார்மல் என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள். சுரப்பி சரியாக வேலை செய்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், கட்டி எப்படிப்பட்டது என்று சொல்லாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். வெல்டிங்குக்குப் பார்க்கிற அதே எதிரொலித் தத்துவம்தான். ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். "ஊசி குத்தினா புற்று பரவும்" என்ற பேச்சுக்குப் பயந்து இதைத் தவிர்க்க வேண்டாம்.

100 கட்டிகளில் 90-க்கு மேல் புற்று அல்ல. புற்றாக இருந்தாலும், அதில் அதிகம் காணப்படும் பாப்பிலரி வகையை ஆபரேஷன் செய்து பெரும்பாலும் குணமாக்கிவிடலாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்:

1. கட்டி வேகமாக வளர்வது, கல் போல இருப்பது.
2. குரல் கம்முவது, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்படுவது.
3. கழுத்தின் பக்கவாட்டில் வேறு நெறிக்கட்டிகள்.
4. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்று இருந்திருப்பது.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கட்டி பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் ஆண்களுக்கு வந்தால் புற்றாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். "பொம்பளைங்க நோய்" என்று ஒதுக்க வேண்டாம்.

என் அம்மாவுக்கு என்ன ஆச்சு? ஸ்கேன், ஊசி எல்லாம் பார்த்தோம். சாதாரணக் கட்டி, ஆபரேஷன் தேவையில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "ரெண்டு வருஷமா நான் ஒழுங்கா உறங்கல்ல மக்களே."

அந்தக் கட்டி வேறு மாதிரி இருந்திருந்தால் அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பித் தந்திருக்க முடியும்?

நண்பர்களே, இந்த மலரை வீட்டுக்குக் கொண்டு போவீர்கள் அல்லவா? அப்போது அம்மா, சித்தி, அக்கா கழுத்தையும் ஒருமுறை பாருங்கள். தலைப்பை இழுத்து மூடினால் விட்டுவிடாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்