சிப்பந்தி வாய் திறப்பது எப்பொழுது?

சென்னைத் தியாகராய நகருக்குப் புடவை வாங்கச் சென்ற அங்கத்தினர்கள், அங்குள்ள ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் பகல் முழுதும் நின்றே பணிபுரிந்ததைக் கண்டிருப்பார்கள். வாடிக்கைக்காரர் இல்லாத வேளையிலும் உட்கார ஆசனம் இராது. கால் வலித்தாலும் முதலாளியிடம் கேட்பது எளிதாயிருக்கவில்லை. முடிவில் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திச் சிப்பந்திகள் அனைவருக்கும் ஆசனம் அளிக்கவேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018இலேயே இவ்வாறு செய்திருந்தது.

ஒரு முக்காலிக்காகச் சட்டசபை கூடவேண்டியதாயிற்று! ஆசனம் வந்த பின்னரும், மேற்பார்வையாளர் முகஞ்சுளித்தால் அதில் அமர எவர் துணிவார்?

நமது சங்கங்களில் முதலாளி இல்லை. ஆதலின் இக்குறையும் இல்லை என்று எண்ணலாகாது. யாம் நிர்வாக சபையில் இருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், அரக்குக் கரைச் சேலைகள் முதல் சலவையிலேயே சாயம் விடுவதாக விற்பனைக் குமாஸ்தா தெரிவித்தார். “விற்கத் தெரியாதவர் சரக்கைப் பழிப்பார்” என்றார் தலைவர். சபையோர் நகைத்தனர். யாமும் அங்கேதான் இருந்தோம், ஒன்றும் சொன்னோமில்லை. அன்றுமுதல் குமாஸ்தா கணக்கைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. சாயமேற்றிய நூலைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அலசும் வேலையைப் பட்டறையில் குறைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் திருத்தியிருக்கக்கூடிய பிழை அது. தீபாவளிக்குப்பின் சேலைகள் திரும்பி வந்து தேங்கின. நெசவாளருக்குக் கூலி நிலுவையாயிற்று. தவறு செய்யாத தறிகளும் நூலின்றி நின்றன.

விளைபொருள் சங்கங்களிலும் இதுவே நிலை. தராசு சரியில்லை என்பதை எடைபோடுபவரே முதலில் அறிவார். அவர் வாய் மூடினால் நட்டம் விவசாயிக்கு.

தலைவர் “எல்லாம் சரிதானே?” என்று வினவினால், “ஆம்” என்பதே விடையாக வரும். “இம்மாதம் எந்தச் சரக்கு திரும்பி வந்தது? ஏன்?” என்று வினவிப் பார்க்கலாம். குறை கூறியவரைப் பலர் முன் நகையாடாதிருத்தலும், அக்குறை என்னவாயிற்று என அடுத்த கூட்டத்தில் அவருக்கே அறிவித்தலும் இன்றியமையாதன. திருத்த இயலாததாயின் காரணத்தையேனும் சொல்லவேண்டும். பதிலே வராத இடத்தில் எவரும் இரண்டாம் முறை பேசுவதில்லை.

மேற்சொன்ன சங்கத்தில் இப்பொழுது விற்பனை அறிக்கை முதலில் வாசிக்கப்படுகிறது. தலைவர் கடைசியில் பேசுகிறார். இவ்வழக்கம் ஏற்படுவதற்குள் அந்தப் பழைய குமாஸ்தா வேலையை விட்டுச் சென்றுவிட்டார்.