கம்பெனிச் செலவு எது, சொந்தச் செலவு எது?



கடை வாடகையும் வீட்டு மீன்செலவும் ஒரே கல்லாவிலிருந்து போய்க்கொண்டிருந்த காலம் நம் மூத்தோருடையது. கடை ஒருவர் பெயரில் இருந்தவரை அதில் பெரிய சிக்கல் இல்லை. அதே கடையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கிய அன்றே நிலைமை மாறிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி ஆள், முதலாளி தனி ஆள். பங்குகள் முழுவதும் அவரிடமே இருந்தாலும் கல்லாப் பணம் அவருடையதன்று.

சிங்கப்பூரின் 1947ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 14ஆம் பிரிவில், ஓர் அளவுகோல் தருகிறது: வருமானம் ஈட்டுவதற்கென்றே முழுவதும் செய்த செலவுதான் கழிக்கப்படும். இந்த "என்றே"யில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு பெண் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்கு அணிய வாங்கிய கறுப்பு உடைகளைத் தொழிற்செலவாகக் காட்டினார். 1983இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. உடை மானத்தையும் காக்கிறது, குளிரையும் தடுக்கிறது, ஆகவே தொழிலுக்கு மட்டும் உரியதன்று என்பது காரணம். மகள் கல்யாணத்துக்கு வாடிக்கையாளர் நாற்பது பேர் வந்தார்களென்று விருந்துச் செலவைக் கம்பெனியில் எழுதும் அன்பர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

கடை வாடகை, சிப்பந்திகள் சம்பளம், அவர்களுக்குரிய மத்திய சேமநிதி, கிட்டங்கிக் கூலி, சரக்கு லாரியின் எண்ணெய் ஆகியவற்றைக் கம்பெனி தயங்காமல் கொடுக்கலாம். கார் விஷயம் வேறு. தனியார் காராகப் பதிவான எஸ்-பிளேட் கார் நாள் முழுவதும் வியாபாரத்துக்கே ஓடினாலும் அதன் பெட்ரோலும் பழுதுச் செலவும் கழியா. அதே வேலைக்கு டாக்சியில் போனால் கழியும்! அபராதமும் கழியாது.

இன்னொன்று. கம்பெனி வரி 17 விழுக்காடு. 100 வெள்ளி செலவழித்தால் வரியில் மிஞ்சுவது அதிகம் போனால் 17 வெள்ளி. மற்ற 83 வெள்ளி போனது போனதுதான். முதல் 200,000 வெள்ளி லாபத்துக்குப் பகுதி விலக்கு உண்டாகையால், சிறு கம்பெனிக்கு மிச்சம் இன்னும் குறைவு. வரியைக் குறைக்க வேண்டாத சாமான் வாங்குவது என்ன கணக்கோ!

வரியைவிடப் பெரிய விஷயம் பங்காளி. ஊரிலுள்ள தம்பிக்கு 40 விழுக்காடு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம் வீட்டு வாடகை 2,000 வெள்ளியை மாதந்தோறும் கம்பெனியில் எழுதுகிறார். அதில் 800 வெள்ளி தம்பியின் அமானிதம். அவர் அறியாமலே அது கரைகிறது.

அப்படியானால் முதலாளி எதைக்கொண்டு குடும்பம் நடத்துவது? தம்பியின் சம்மதத்தோடு தமக்கொரு சம்பளம் வைத்துக்கொள்ளலாம். அது கம்பெனிக்குக் கழியும், வரியை அவர் தம் பெயரில் கட்டுவார். அல்லது டிவிடெண்டு எடுக்கலாம். கம்பெனி வரி கட்டிய லாபமாகையால் இங்கு மீண்டும் வரி இல்லை, தம்பிக்கும் அவர் பங்கு போய்ச் சேரும். அவசரத்துக்குக் கல்லாவில் கைவைத்தால், அன்றைக்கே பேரேட்டில் "டைரக்டர் பற்று" என்று எழுதி, ஆண்டுக்கணக்கு முடியுமுன் திருப்பிக் கட்டிவிட வேண்டும். ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருப்பது கட்டாயம்.