வான்கோழிச் சேவல்களின் தலைமைப் போட்டியும் கூமுட்டையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் மானாவாரிப் பயிர் அறுவடையானபின் சிந்திய தானியமும் புல்லும் பூச்சிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவற்றை மேய்ந்து வளரக்கூடிய பறவை வான்கோழி. பத்துப் பன்னிரண்டு வான்கோழிகளை வளர்ப்பது சிறு விவசாயிக்கு ஏற்ற உபதொழிலாகும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் இதற்கு நல்ல விலையும் கிடைக்கும்.

பயிர் சாகுபடியைக் கற்பிக்கும் நான் வான்கோழியைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றிப் பேச கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தபோது, விவசாயி ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையைக் காட்டினார். பத்துப் பெட்டைகளும் ஐந்து சேவல்களும் இருந்தன. சேவல்களை மூன்று ஊர்களிலிருந்து வாங்கியிருந்தார். அடைவைத்த முட்டைகளில் பெரும்பகுதி கூமுட்டையாகிவிட்டதால், "பெட்டைகளை விற்றுவிடலாமா?" என்று கேட்டார். குறை பெட்டைகளிடம் இல்லை; சேவல்களிடம்தான் இருந்தது. அதை விளங்கிக்கொள்ள, வான்கோழிச் சேவல்கள் தமக்குள் எவ்வாறு தலைமையை முடிவு செய்கின்றன என்பதை அறிய வேண்டும்.

வான்கோழியின் பூர்வீகம்

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. மெக்சிகோ நாட்டு மக்கள் இதை வீட்டுப் பறவையாக்கினர். ஸ்பெயின் நாட்டவர் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் பேரரசருக்கு ஒரு வான்கோழி கொண்டுவரப்பட்டது. அதன் தலையும் கழுத்தும் சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் மாறுவதைக் கண்டு அவர் வியந்து தம் குறிப்பில் எழுதினார். அவருடைய ஓவியர் மன்சூர் அப்பறவையை வரைந்தார். பேரரசர் வியந்த அந்த நிறமாற்றம் வெறும் அழகு அன்று. அது சேவல்கள் ஒன்றுக்கொன்று சொல்லும் செய்தியாகும்.

தலைமையைக் காட்டும் அடையாளங்கள்

தலைமைச் சேவல் வால் இறகுகளை விசிறிபோல் விரித்து, சிறகு நுனிகள் தரையில் உரச, மெதுவாக நடக்கும். அதன் அலகின் மேலுள்ள தொங்குசதை நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும். அஞ்சிய சேவலுக்கு இச்சதை சுருங்கி, சிறு கொம்புபோல் நிற்கும். நீண்ட தொங்குசதை உடைய சேவலைப் பெட்டைகள் விரும்புவதையும், மற்றச் சேவல்கள் அதற்கு விட்டுக்கொடுப்பதையும் 1990-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின.

பார்வையால் முடிவாகாதபோது சண்டை மூளும். கழுத்தோடு கழுத்தைப் பின்னித் தள்ளும், எதிரியின் தலையைக் கொத்தும், சிறகால் அடிக்கும், எம்பிக் கால்முள்ளால் தாக்கும். தோற்ற சேவல் கழுத்தை நீட்டித் தரையில் படுத்துவிடும். இதைக் கண்டதும் வென்ற சேவல் தாக்குதலை நிறுத்துவதை ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் எழுதியுள்ளார். மயிலுக்கு இந்த அடையாளம் புரிவதில்லை. படுத்த வான்கோழியை அது மேலும் தாக்கும் என்றும் அவர் குறிப்பிட்டார்.

காட்டில் தோற்ற சேவல் எழுந்து விலகிப் போய்விடும். கொட்டகையில் போக இடமில்லை. எனவே எழுந்தவுடன் மீண்டும் வென்ற சேவலின் எதிரிலேயே நிற்கிறது. சண்டையும் மீண்டும் தொடங்குகிறது. கொட்டகைச் சண்டை காயத்தில் முடிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அண்ணன் தம்பிக் கூட்டு

காட்டு வான்கோழிகளில் ஓர் ஈட்டில் பிறந்த சேவல்கள் ஆறு, ஏழு மாத வயதில் தாயைவிட்டுப் பிரிந்து, ஆயுள் முழுவதும் ஒரே கூட்டமாகத் திரிகின்றன. தமக்குள் ஒருமுறை கடுமையாகச் சண்டையிட்டு மூத்தது எது, இளையது எது என்று முடிவு செய்துகொண்டபின், அம்முடிவை எளிதில் மாற்றுவதில்லை. பிறகு கூட்டமாகவே அயல் சேவல்களை எதிர்க்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் வாட்ஸ், ஸ்டோக்ஸ் ஆகிய இருவர் இதை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டனர். இக்கூட்டில் தலைமைச் சேவல் மட்டுமே இணைசேர்கிறது. தம்பிச் சேவல்கள் உடன் நின்று தோகை விரிப்பதோடு சரி. இவற்றுக்கு என்ன லாபம்? 2005-இல் கலிபோர்னியாவில் மரபணுச் சோதனை செய்த ஆலன் கிராகவர் விடை கண்டார். தனித்துத் திரியும் சேவலைவிடத் துணையுள்ள தலைமைச் சேவலுக்குப் பல மடங்கு குஞ்சுகள் பிறக்கின்றன. அண்ணனின் குஞ்சுகளிலும் தம்பியின் குருதி ஓடுவதால், குடும்பம் பெருகுகிறது.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெட்டையின் குரலைப் போலக் கூவிச் சேவலை அருகே வரவழைக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த வரிசைமுறை தெரிந்திருக்க வேண்டும். சுடுவதற்கு அவர்களுக்கும், விற்பதற்கு நமக்கும் எந்தச் சேவல் என்பதே கேள்வி.

கூமுட்டை எப்படி வருகிறது?

முன் சொன்ன கொட்டகையில் இரண்டு தவறுகள் இருந்தன. முதலாவது, பத்துப் பெட்டைகளுக்கு ஐந்து சேவல்கள் அதிகம். ஒரு சேவல் இணைசேரும்போது மற்றொன்று வந்து தள்ளிவிடும். இரண்டாவது, எல்லாவற்றிலும் பெரிய சேவலுக்குப் பாதத்தில் கட்டி இருந்தது. அது பெட்டைகளைக் காவல் காத்து மற்றச் சேவல்களை விரட்டியது. ஆனால் வலியால் தானும் இணைசேரவில்லை. தலைமை வேறு, இனவிருத்தித் திறன் வேறு என்பதை நாம் மறக்கக்கூடாது.

பெட்டை ஒருமுறை இணைசேர்ந்தால் பல வாரங்கள் வரை கருக்கூடிய முட்டை இடும். ஆகவே சேவல் பழுதானது முட்டையில் உடனே தெரியாது. தெரியவரும்போது பருவத்தின் பாதி கடந்திருக்கும்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. ஐந்து பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. எஞ்சியவற்றை முட்டைப் பருவத்திற்கு முன்பே விற்றுவிட வேண்டும்.

2. இனவிருத்திச் சேவல்களை ஒரே ஈட்டிலிருந்து, ஒன்றாக வளர்ந்தவையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பெட்டைகளை வேறு இடத்திலிருந்து வாங்க வேண்டும். இல்லையெனில் நெருங்கிய உறவில் இணைசேர்ந்து குஞ்சுகள் நலிந்துவிடும்.

3. பெரிய சேவல் என்பதற்காகவே வைத்துக்கொள்ளக்கூடாது. கால், பாதம், நடை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தலைமைச் சேவல் நொண்டினால் தாமதமின்றி நீக்க வேண்டும். சில நாட்கள் சண்டை இருந்தாலும் அடுத்தது அவ்விடத்திற்கு வந்துவிடும்.

4. புதிய சேவலை நேரடியாகக் கூட்டத்தில் விடக்கூடாது. சில நாட்கள் கம்பி வலைக்கு அப்பால் வைத்துப் பழக்கி, பிறகு இருட்டும் வேளையில் விட வேண்டும். நோய்க்காகப் பிரித்துவைத்த சேவலையும் மற்றவை புதியதாகவே கருதும்.

5. வளர்ந்த பறவை ஒன்றுக்கு 5 சதுர அடி தரையும், 7.5 செ.மீ. தீவனத் தொட்டி நீளமும் தேவை. தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். ஒரே இடமானால் தலைமைச் சேவல் காவல் நின்றுவிடும். தோற்ற சேவல் மறைந்து நிற்க ஓலைத் தட்டி ஒன்றைக் குறுக்கே நிறுத்தலாம்.

6. கால்முள்ளின் கூரை மழுக்கிவிட வேண்டும். இரத்தம் கசியும் பறவையை உடனே பிரிக்க வேண்டும். காயத்தைக் கண்டால் மற்றவை கூடிக் கொத்தும்.

7. அடைவைத்த பத்தாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் முட்டைகளைப் பார்க்க வேண்டும். பொரிய 28 நாட்களாகும். அதுவரை காத்திருந்தால் காலம் வீணாகும்.

8. நாட்டுக்கோழிகளோடு சேர்த்து வளர்க்கக்கூடாது. அவற்றிலிருந்து கருந்தலை நோய் பரவக்கூடும்.

அந்த விவசாயி பெட்டைகளை விற்கவில்லை. நொண்டிச் சேவலையும் வேறு இரண்டையும் கிறிஸ்துமஸுக்கு விற்று, ஒரே ஈட்டில் பிறந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு வைத்த அடையில் பெரும்பாலான முட்டைகள் பொரித்தன. அவர் வீட்டில் பெட்டைகளைக் கவனிப்பவர் அவருடைய மனைவிதான். "சாருக்கு முன்னாலேயே அந்தப் பெரிய சேவல் சரியில்லை என்று நான் சொன்னேன்" என்றார் அந்த அம்மாள். அது உண்மையே. தினமும் தீவனம் வைப்பவரின் கண்ணுக்கு எந்தச் சேவல் விரட்டுகிறது, எது ஒதுங்குகிறது, எது நொண்டுகிறது என்பது முதலில் தெரியும். காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் கொட்டகையில் நின்று இதைக் கவனித்து, மேற்கூறிய முறைகளைக் கடைப்பிடிக்கும் விவசாயிகள் கூமுட்டையால் ஏற்படும் நட்டத்தைத் தவிர்த்துப் பயனடையலாம்.