டீயோட மாத்திரை போடாதடி

போன வாரம் வந்திருந்தப்ப பார்த்தேன். இரும்புச்சத்து மாத்திரையை வாயில போட்டு, கையில இருந்த டீயை மடக் மடக்குனு குடிச்சே. மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாரேன்னு அப்போ விட்டுட்டேன். இப்போ திட்டுறேன்.

வயித்துக்குள்ள போனதெல்லாம் உடம்புல சேர்ந்துடாது. சிறுகுடல் கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். அதோட உள்சுவர் முழுக்க, டர்க்கி டவல்ல நூல் நிக்கிற மாதிரி பொடிப்பொடியா குடலுறிஞ்சிகள். அதைத் தாண்டி ரத்தத்துல கலந்தாத்தான் சத்து நமக்குச் சொந்தம். இரும்பு பெரும்பாலும் குடலோட ஆரம்பத்துலயே உள்ளே போயாகணும். டீயில இருக்கிற துவர்ப்பு அதைப் பிடிச்சுக்கிட்டா, காசு கொடுத்து வாங்கின மாத்திரை வீணா கழிவோட போயிடும். அதனால டீ, காபிக்கும் மாத்திரைக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடு. பாலும் கால்சியம் மாத்திரையும் வேற வேளைக்கு. எலுமிச்சை ஜூஸோட போட்டா இன்னும் நல்லா ஏறும். கீரைக்கும் அதே கதைதான். ஆனா அடுப்பை அணைச்சப்புறம் பிழி, கொதிக்கவிட்டா வைட்டமின் சி வீணாப்போகும்.

உள்ளே போன இரும்பை டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரதம் சுமந்துக்கிட்டுப் போய் எலும்பு மஜ்ஜையில சேர்க்கும். சிவப்பணு தயாராகுறது அங்கேதான். மிச்சம் கல்லீரல்ல கையிருப்பா நிக்கும். அந்தக் கையிருப்பும் நிரம்பணும், ஹீமோகுளோபின் ஏறிடுச்சுன்னு நீயா மாத்திரையை நிறுத்தாதே. மலம் கறுப்பாப் போகுதுன்னு பயப்படவும் வேண்டாம், மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான்.

அப்புறம் உன் எண்ணெய் இல்லாத டயட்டு! காரட்டையும் முருங்கைக்கீரையையும் வெறும் தண்ணியில வேகவச்சுத் தின்னா யாருக்கு லாபம்? சர்க்கரையும் புரதமும் ரத்தக்குழாய் வழியா நேரா கல்லீரலுக்குப் போகும். கொழுப்புக்கு வழியே வேற. நிணநீர்க் குழாயில ஏறி, நெஞ்சு வழியா மேலே வந்து, இடது கழுத்தடியில ரத்தத்தோட சேரும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நாலும் அந்த வண்டியிலதான் தொத்திக்கிட்டு வரும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுத் தாளி, குண்டாயிடமாட்டே.

சின்னவனுக்கு வயித்தால போனா வெறும் தண்ணி மட்டும் கொடுக்காதே. குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து போனாத்தான் குடல் தண்ணியை நல்லா இழுக்கும். ஓஆர்எஸ்ல இருக்கிற சூட்சுமம் அதுதான். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு தண்ணியில கரை. ருசிக்குன்னு சர்க்கரை கூட்டினா பேதி அதிகமாகும்.

அம்மாவையும் கவனி. பல வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கு பி12 குடல்ல சரியா ஏறாமப் போகலாம். காலு மதமதங்குதுன்னு போன்ல சொன்னாங்க. இந்த மாசம் சுகர் செக்கப்புக்கு நீதானே கூட்டிட்டுப் போறே? பி12 டெஸ்ட்டும் எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட மறக்காம கேளு.