வள்ளி வேஷம் கட்டலாமா என் மகன்?

கேள்வி: ஐயா, எனக்கு மூன்று பெண்கள், கடைசியாக ஒரு பையன். பிளஸ் டூ படிக்கிறான். பீன்ஸ் மூட்டை தூக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறான். ராத்திரி யானைக் காவலுக்கு வரமாட்டேன் என்கிறான். ஆனால் அடுப்படியில் விட்டால் நாலு பேர் வேலையை ஒருவனே பார்க்கிறான். கோலம் போடுகிறான், அக்காமாருக்குத் தலை பின்னி விடுகிறான், பாட்டுப் போட்டால் ஆடுகிறான். பங்காளிகள் ‘பொம்பளைச்சட்டி’ என்று கேலி பேசுகிறார்கள். அக்காமார் நடுவில் வளர்ந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்கிறாள் என் தங்கை. ஊசி போட்டால் ஆண்மை வரும் என்கிறார் மைத்துனர். சீக்கிரம் கல்யாணம் செய்துவிடு என்கிறார்கள் சிலர். இப்போது ஊர்த் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு அவனை வள்ளி வேஷம் கட்டக் கேட்கிறார்கள். அவன் துடிக்கிறான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. இது மேல்நாட்டிலிருந்து வந்த வியாதியா? நான் எங்கே தவறினேன்?
- க.ரா., பேத்துப்பாறை

பதில்: அன்புள்ள க.ரா., முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். நீங்கள் எங்கும் தவறவில்லை. உங்கள் மகனுக்கு வியாதி எதுவும் இருப்பதாக இந்தக் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. நன்றாகச் சமைக்கிற, கலையில் நாட்டமுள்ள, அக்காமாரிடம் பாசமாக இருக்கிற ஒரு பையன்தான் தெரிகிறான். இன்றிரவு தூங்குங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஊர் வாய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால் பாதிப் பாரம் குறையும்.

ஒன்று, பாலினப் பங்கு (இது ஆண் செய்யும் வேலை, இது பெண் செய்யும் வேலை என்று ஊர் பிரித்து வைத்திருப்பது). இரண்டாவது, பாலின அடையாளம் (நான் ஆண், நான் பெண் என்று ஒருவர் தமக்குள்ளே உணர்வது). மூன்றாவது, பாலீர்ப்பு (யார் மீது காதலும் ஆசையும் தோன்றுகின்றன என்பது). ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்க முடியாது. மூட்டை தூக்கப் பிடிக்காத, கோலம் போடுகிற பையன்களில் மிகப் பலர் வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். சிலர் தம்மைப் பெண்ணாக உணர்ந்திருப்பார்கள். சிலருக்கு ஆண்கள் மீது ஈர்ப்பு இருக்கும். பார்ப்பதற்கு முரட்டு ஆளாக மூட்டை தூக்குகிறவர்களிலும் இந்த இரண்டும் உண்டு. நீங்கள் எழுதியிருப்பது முழுக்க முழுக்க முதல் சங்கதி. மற்ற இரண்டைப் பற்றி உங்கள் மகன் ஒருவனால்தான் சொல்ல முடியும். நானோ, நீங்களோ, மைத்துனரோ சொல்ல முடியாது.

முதல் சங்கதியை எடுத்துக்கொள்வோம். ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவினை மலையைப் போல அசையாதது என்று நாம் நினைக்கிறோம். அது மலையைவிட மிகவும் இளசு. உங்கள் மலையிலேயே அத்தாட்சி இருக்கிறது. பக்கத்துக் காடுகளில் வாழும் பளியர்களைப் பாருங்கள். 1960-களில் பீட்டர் கார்ட்னர் என்ற மானிடவியலாளர் (மனிதச் சமூகங்களோடு வாழ்ந்து ஆராய்பவர்) பளியரிடையே தங்கி எழுதினார். அவரை வியக்க வைத்தது, அங்கே யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை என்பதுதான். கணவன் மனைவியை அதட்டுவது அவர்கள் கண்ணில் மரியாதைக்கேடு. நாம் ‘நாகரிகம் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கிய மக்களிடம், நாம் இன்னும் கற்றுக்கொள்ளாத ஒன்று இருந்திருக்கிறது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேய அதிகாரிகள் மதுரைச் சீமையைப் பற்றி எழுதி வைத்த ஏடுகளில், பழனி மலைக் குன்னுவர் சமூகத்தாரிடையே இருந்த ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஆண் வாரிசு இல்லாத வீட்டில், மகளை வெளியே கட்டிக்கொடுக்காமல், வீட்டின் வாசல் நிலைக்கே மணம் செய்வித்து வைத்துக்கொள்வார்கள். கழுத்தில் தாலிக்குப் பதிலாக வலக்கையில் வெள்ளி வளையல். அதன்பின் அவள்தான் வாரிசு. சொத்து அவள் வழியாக அவள் மகனுக்குப் போகும். அந்த அதிகாரிகள் இதை ஒரு விநோதமாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு அணைந்துவிடக் கூடாது என்ற கவலையில், மகளையே மகனாக நிறுத்தியிருக்கிறார்கள். தேவை வந்தபோது ஆண் பங்கு, பெண் பங்கு என்ற கோட்டை நம் முன்னோரே அழித்து வரைந்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மருமக்கத்தாயம் (சொத்து பெண் வழியே இறங்கும் முறை) சென்ற நூற்றாண்டு வரை இருந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். சட்டப்படி அது அடியோடு முடிந்தது 1970-களில்தான்.

உங்கள் பாட்டனார் காலத்துப் புகைப்படம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குடுமியும் கடுக்கனும் இருக்கக்கூடும். அன்றைக்கு ஆண் நீள முடி வளர்த்து முடிந்துகொள்வது கௌரவம். கிராப்பு வெட்டிக்கொண்டவனைத்தான் கேலி செய்தார்கள். இன்றைக்கு உங்கள் மகன் முடி வளர்த்தால் கேலி. ஆண்மை என்று நாம் சொல்வது இரண்டு தலைமுறைக்குள் தலைகீழாகிவிட்டது. சமையலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் அண்டா வைப்பவர் யார்? கோயில் மடைப்பள்ளியில் இருப்பவர் யார்? ஆண்கள்தானே. கூலி வாங்கிக்கொண்டு சமைத்தால் ஆண்மை, அம்மாவுக்கு உதவியாகச் சமைத்தால் ‘பொம்பளைச்சட்டி’யா? அந்தச் சொல்லை உங்கள் வீட்டு வாசலுக்குள் யாரும் பேசக்கூடாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்லி அது நிற்காது.

அடுத்து, ‘மேல்நாட்டு வியாதி’ என்ற பேச்சு. இது உண்மைக்கு நேர் எதிர். தொல்காப்பியத்திலேயே ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்கு எந்த வினைமுடிவு வரவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி அவர்களை உயர்திணையில், அதாவது மக்கள் வரிசையில் வைத்துப் பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலில் சொல், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலில் சொல் என்கிறார். ‘விரும்புகிற’ என்ற இடத்தில் சற்று நில்லுங்கள். பிறந்த உடம்பைப் பார்த்து அவர் பாலைத் தீர்மானிக்கவில்லை, அந்த ஆளின் விருப்பத்தைக் கேட்டுத் தீர்மானிக்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு சமண முனிவர் எழுதிய இலக்கணம் இது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடிக்கூத்து. கள்ளக்குறிச்சிப் பக்கம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியையொட்டிக் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுகிறார்கள் திருநங்கையர்.

ஆனால் பழைய காலம் முழுக்கப் பொற்காலம் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். திருக்குறளிலேயே ‘பேடி’ என்ற சொல் கோழைக்கு உவமையாக வருகிறது. இலக்கணத்தில் இடம் கொடுத்தார்கள், வாழ்க்கையில் எல்லோருக்கும் கொடுத்துவிடவில்லை. இருந்தார்கள், எப்போதும் இருந்தார்கள் என்பதுதான் நான் உறுதியாகச் சொல்வது. உலகம் முழுவதும் அப்படியே. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் புகிஸ் மக்கள் ஐந்து பாலினங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேல்நாட்டிலிருந்து உண்மையாகவே இறக்குமதியானது என்ன தெரியுமா? தண்டனை. இங்கிலாந்தில் 1533-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த சட்டத்தின் வழித்தோன்றலாகத்தான் 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377-ஆம் பிரிவு வந்தது. தன் நாட்டுச் சட்டத்தை 1967-இல் இங்கிலாந்து தளர்த்திக்கொண்டது. நாமோ 2018 செப்டம்பர் 6 வரை சுமந்தோம். அன்றுதான், வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வதை அந்தப் பிரிவு தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி வேஷத்துக்கு வருகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் பெண் பாத்திரம் அத்தனையும் பையன்கள் கட்டியதுதான். ‘ஸ்திரீபார்ட்’ என்றால் அன்றைக்குப் பெரிய மரியாதை. அங்கே வளர்ந்த டி.கே. சண்முகம் பெரியவரான பிறகும் ஔவையார் வேடம் கட்டினார். அது எவ்வளவு பொருந்தியது என்றால், ‘ஔவை’ அவர் பெயரோடே ஒட்டிக்கொண்டது. சிவாஜி கணேசன் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் பெண் வேடங்கள் போட்டவர். கட்டபொம்மனாக அவர் கர்ஜித்தபோது யாராவது அதை நினைத்தார்களா? வேஷம் யாரையும் மாற்றாது. உங்கள் மகன் கட்டப்போகும் வள்ளியும் அதே சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளிதான்.

சரி, காரணம் என்ன என்று கேட்டீர்கள். அக்காமார் நடுவில் வளர்ந்ததால் ஒருவர் திருநங்கை ஆவதோ, ஆணை விரும்புவதோ இல்லை. அப்படியானால் அக்காமாரோடு பிறந்த நம் ஊர்த் தம்பிகள் அத்தனை பேருக்கும் ஆகியிருக்க வேண்டும். அம்மா செல்லம், அப்பா கண்டிப்பு, சினிமா, கைப்பேசி எதுவும் காரணமில்லை. காரணம் முழுவதும் தெரியவில்லை, பல கூறுகள் சேர்ந்து இவை அமைகின்றன, பிறப்புக்கு முன்பே நடக்கும் உடல் வளர்ச்சிக்கு அதில் பங்கு இருப்பதாகத் தெரிகிறது என்பதே மருத்துவம் இன்று வந்து நிற்கும் இடம். ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே எடுத்துவிட்டது. 2019-இல் ஏற்ற புதிய பட்டியலில், பிறந்த பாலுக்கும் உணரும் பாலுக்கும் உள்ள வேறுபாட்டையும் மனநோய் வரிசையிலிருந்து நீக்கியது.

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது, ஏறக்குறைய உங்கள் மகன் வயதில் ஒரு பையனை அவன் தந்தை அழைத்து வந்தார். மனத்தை ‘மாற்ற’ அவனுக்குக் கையில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதினேன். மூன்றாவது வாரம் அவன் ‘சரியாகிவிட்டது’ என்று சொன்னான். வலி தாங்காமல் சொன்னான் என்பது என் பேனாவுக்கும் தெரியும். அந்தத் தந்தை கெட்டவர் இல்லை, உங்களைப் போலவே தூக்கமில்லாதவர். அதனால்தான் உங்கள் கடிதத்தை மேஜை மீது நான் காத்திருக்க விடவில்லை. இப்படி மாற்ற முயல்வதை 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை செய்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. தமக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார் அவர். ஒரு நீதிபதிக்கு அதில் வெட்கமில்லை என்றால் நமக்கும் வேண்டாம்.

ஆகவே மைத்துனர் சொன்ன ஊசி வேண்டாம். ஆண் ஹார்மோன் (உடலில் ஆண்தன்மைகளை வளர்க்கும் சுரப்பு) ஊசி ஒருவர் தம்மை யாராக உணர்கிறார், யாரை விரும்புகிறார் என்பதை மாற்றாது. தேவையில்லாமல் போட்டால் வளரும் உடம்புக்குக் கேடு. மந்திரித்தல், அடி, அவமானம் வேண்டாம். அவசரக் கல்யாணம் கண்டிப்பாக வேண்டாம். 21 வயதுக்கு முன் சட்டமும் விடாது. அதற்குப் பிறகும், அவனாகக் கேட்காமல் செய்தால், இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துப் பணயம் வைக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள், நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒருநாள் தோட்டத்தில் இருவரும் தனியாக இருக்கும்போது, “உன் மனசுல எது இருந்தாலும் அப்பாகிட்ட சொல்லலாம், இந்த வீடு உன் வீடுதான்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். சொல்ல எதுவும் இல்லாமல் போகலாம், அதுவும் நல்லதே. ‘நான் பெண்’ என்றோ வேறு ஏதோ அவன் சொன்னால், அழுகை வந்தால் அழுங்கள், கையை மட்டும் விடாதீர்கள். வீட்டை விட்டு விரட்டப்பட்ட பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துத்தான் நம் மாநிலம் 2008-இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை 2017-இல் காவல் உதவி ஆய்வாளரானார். வழி இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பாலின அடையாளம் பற்றி ஆலோசனை தருகிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, பள்ளிக்கு மறுப்பது, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு. இவை தெரிந்தால் அன்றைக்கே 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அழைத்துப் போகலாம். அது அவன் மாறுவதற்கான சிகிச்சை இல்லை, கேலியால் பட்ட காயத்துக்கான மருந்து.

யானைக் காவலுக்கு வராததைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளை யானைக்குப் பயந்தால் அது புத்தி. சமையலில் இவ்வளவு கை இருந்தால், திருச்சியில் அரசு உணவக மேலாண்மைக் கல்வி நிலையம் இருக்கிறது, பிளஸ் டூ முடித்ததும் விசாரித்துப் பாருங்கள்.

வள்ளி வேஷம் கட்டட்டும், க.ரா. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பங்காளிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முன் வரிசையில் போய் உட்கார்ந்தால் பாதி வாய் அடங்கிவிடும். புடவை அக்காமார் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். தினைப்புனம் காக்கும் காட்சியில் கவண் சுற்ற வேண்டும், அவனுக்குப் பழக்கமிருக்காது. உங்களுக்குத்தான் காவல் காத்துப் பழக்கம், சொல்லிக்கொடுங்கள். நாடகம் முடிய விடிந்துவிடும். திரும்பி வரும் பாதையில் யானை நடமாட்டம் இருக்கும், அவனைத் தனியாக அனுப்பாமல் டார்ச்சோடு கூடவே நடந்து வாருங்கள்.