பெங்களூருக்குக் குடிபோகிறீர்களா? மூட்டை கட்டும் முன் நெல்லைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் இந்தப் பேச்சு நடக்காத தெரு இல்லை. மகனுக்கோ மருமகளுக்கோ பெங்களூரில் வேலை கிடைத்திருக்கும். சம்பளம் இங்கே வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு. குடும்பத்தோடு போவதா, வேண்டாமா என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு யோசனை ஓடும். நான் 2013-ல் போய் 11 வருஷம் அங்கே குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள். போனதற்கு வருத்தப்படவில்லை. என் பிள்ளைகளின் படிப்பும் எங்கள் கடன் அடைந்ததும் அந்த ஊரால்தான். ஆனால் மாநில எல்லையைத் தாண்டியதும் சம்பளம் கூடுகிறதே தவிர, தமிழ்நாட்டுக்காரர் என்பதால் கிடைத்துவந்த பல உரிமைகள் ஓசூரோடு நின்றுவிடுகின்றன. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1. முதலில் பக்கத்தில் பாருங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 ஜிகாவாட் சோலார் தொழிற்சாலை ஓடுகிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்பாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை திறந்தாகிவிட்டது. எல்லோருக்கும் ஏற்ற வேலை இங்கே இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பெங்களூரில் வாடகைக்கும் டிராபிக்குக்கும் கொடுப்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை இங்கே கிடைக்கும் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். சிலருக்கு வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும். அப்படியே போவதென்றாலும் முதல் 11 மாதம் ஒருவர் மட்டும் போய்ப் பார்ப்பது நல்லது. அந்த 11 மாதத்தில் இங்கே வீட்டையோ வயலையோ விற்காதீர்கள்.

2. அட்வான்ஸ் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பெங்களூரில் பத்து மாதம் கேட்பது நெடுநாள் வழக்கம். பேசினால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்குவார்கள். வாடகை 20 ஆயிரம், பத்து மாத அட்வான்ஸ் என்றால் 2 லட்சம் வட்டியில்லாமல் அங்கே கிடக்கும். காலி செய்யும்போது 'பெயின்டிங்' என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் அங்கே சகஜம். சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நாங்கள் முதல் வீட்டில் இதைச் செய்யாமல் 18 ஆயிரம் இழந்தோம்.

3. வீடு பார்க்கும்போது ஹாலைப் பார்க்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரில் இத்தனை வகை உண்டு என்பதே அங்கே போய்த்தான் தெரியும். நம் ஆறு பொதிகையிலிருந்து தானாக இறங்கி வருகிறது. பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காவிரித் தண்ணீரை 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் செய்து மேலே ஏற்றுகிறார்கள். அது வராத இடங்களில் போர்வெல், போர்வெல் வற்றினால் டேங்கர் லாரி. 2024 மார்ச்சில் ஏராளமான போர்வெல்கள் வற்றின. குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே அறிவிக்கும் நிலை வந்தது. அதே வருஷம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியபின் வெளிப்பகுதி கிராமங்களுக்கும் தண்ணீர் போகிறது. ஆனாலும் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும்.

அதனால் வீட்டுக்காரரைவிட, கீழ் வீட்டில் குடியிருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? சம்ப் எவ்வளவு பெரியது? போன கோடையில் டேங்கர் வாங்கினீர்களா, அதன் செலவை யார் கொடுத்தார்கள்?

4. போர்வெல் தண்ணீரோடு குடித்தனம் நடத்தும் வழி. முதல் நாள் துவரம்பருப்பு போட்டேன். குக்கரில் எட்டு விசில் விட்டும் பருப்பு முழுசு முழுசாகவே கிடந்தது. பருப்புதான் பழசு என்று நினைத்துக் கடையை மாற்றினேன். பிறகுதான் தண்ணீரின் வேலை என்று புரிந்தது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. பருப்பு ஊற வைக்கவும் வேக வைக்கவும், காபிக்கும் காவிரித் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ மட்டும் வையுங்கள். ஊறும் நேரம் அரை மணிக்குக் குறையக் கூடாது. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால், எலுமிச்சைத் தோலும் ஒரு கரண்டி வினிகரும் போட்டுக் கொதிக்கவிட்டால் பெயர்ந்து வரும். பித்தளை விளக்கைக் கழுவியதும் துணியால் ஒற்றி எடுங்கள், தானாகக் காயவிட்டால் திட்டுத் திட்டாகும். தலைக்குக் குளித்து முடித்தபின் கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். முடி சிக்காது.

5. மாவு புளிக்கவில்லையா? நெல்லையில் சித்திரை மாதம் ராத்திரி அரைத்த மாவு விடியுமுன் பாத்திரத்தைத் தாண்டி வழியும். பெங்களூரில் மார்கழி ராத்திரியில் வைத்த மாவு காலையில் வைத்தபடியே இருக்கும். சாயந்திரமே அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைத்து மூடிய அலமாரிக்குள் வையுங்கள். உளுந்தோடு ஒரு கரண்டி வெந்தயம் ஊறட்டும்.

6. வத்தலை இங்கிருந்தே கொண்டுபோங்கள். மிதுக்க வத்தல், சுண்ட வத்தல், கூழ் வத்தல் எல்லாவற்றுக்கும் நம் ஊர் வெயில் வேண்டும். அங்கே ஏப்ரல், மே மாத மத்தியான மழை காயவைத்ததை நனைத்துவிடும். கருப்பட்டியைச் செய்தித்தாளில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வைத்தால் இளகாது. பத்தமடைப் பாயை மடிக்காமல் சுருட்டிக் கொண்டுபோய், மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

7. ரேஷன் கார்டைத் தொடும் முன் கணக்குப் போடுங்கள். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையும் வைத்திருப்பவர்கள் கைரேகை வைத்துப் பெங்களூர்க் கடையில் தானியம் வாங்கலாம். முன்னுரிமையில்லாத அட்டைக்கு அது கிடையாது. நம் அரசு கொடுக்கும் பருப்பும் பாமாயிலும் அங்கே யாருக்கும் கிடைக்காது. இங்கே மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். அங்கே 'கிருஹலட்சுமி' 2,000 ரூபாய், ஆனால் அதற்குக் கர்நாடக ரேஷன் அட்டை வேண்டும். இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்துக்கொள்ள முடியாது. பெண்களுக்கான இலவச பஸ்ஸுக்கு அங்கே கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். 200 யூனிட் வரைக்கான 'கிருஹஜோதி' மின்சாரச் சலுகை வாடகை வீட்டுக்கும் உண்டு. முன்பு குடியிருந்தவரின் ஆதாரை அந்த மீட்டரிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு உங்களுடையதை இணையுங்கள்.

ஓரிரு வருஷத்துக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் கார்டை மாற்றாமல் விடுவதே மேல் என்பது என் எண்ணம்.

8. பிள்ளைகளின் படிப்பு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பிறகு திருத்த முடியாத காரியம் இதுதான். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடும், பெண் பிள்ளை என்றால் 'புதுமைப் பெண்' உதவித்தொகையும் உண்டு. எட்டாம் வகுப்பில் பெங்களூருக்குக் கூட்டிப்போனால் இரண்டும் போய்விடும். அந்தப் பக்கம் பார்த்தால், கர்நாடக அரசு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி இடம் கேட்கப் பொதுவாக அங்கே 7 வருஷமாவது படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் போகும் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பட்டியல் சாதி, பழங்குடியினர் பட்டியல்கள் மாநிலம்தோறும் தனித்தனி. ஒரு மாநிலத்தின் சான்றிதழை வைத்து இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்திருக்கிறது. போவதென்றால் பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே போங்கள், கன்னடமும் சுலபமாக வரும். இல்லையென்றால் பிளஸ் டூ முடியும்வரை ஒருவர் இங்கே இருங்கள்.

9. பழைய பைக்கை நெல்லையிலேயே விற்றுவிடுங்கள். டிஎன்-72 வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓடினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே ஆயுள் வரி கட்டி, இங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். புது கார் என்றால் அந்த அலைச்சல் தகும்.

10. கேஸ்: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாறுதல் வவுச்சர் கேளுங்கள். கேஸ் இணைப்பு வாங்கியபோது கொடுத்த சீட்டு அவசியம். லாரியில் சிலிண்டரை ஏற்றாதீர்கள்.

11. பத்துக் கன்னட வார்த்தை. எஷ்டு (எவ்வளவு), பேக்கு (வேண்டும்), பேடா (வேண்டாம்), ஹாலு (பால்), மொசரு (தயிர்), அக்கி (அரிசி), பேளெ (பருப்பு), கரிபேவு (கறிவேப்பிலை), நீரு (தண்ணீர்), மனெ (வீடு). கடைக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் கன்னடத்தில் தொடங்குங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா தினமும் காலையில் 'ஊட்டா ஆய்தா?' என்பார். நம் ஊர்ப் பக்கம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பது மாதிரிதான். ஆறாவது மாதத்தில் நான் கன்னடத்தில் பதில் சொன்ன அன்று எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் வந்தது.

12. ரயில்: நெல்லை வழியாகப் போகும் நாகர்கோவில்–பெங்களூர் ரயில் தினசரி உண்டு. முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் 60 நாளைப் பின்னால் எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். காலை 8 மணிக்குப் போனோடு உட்காராவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்கு மூன்று மடங்கு கொடுக்க நேரும்.

13. ஊரில் விட்டுப்போகும் பெரியவர்களுக்காக. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. நான் பெங்களூரில், அம்மா ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில். ராத்திரி ஒன்பது மணிக்கு "மழை பெய்யுது, நீ தூங்கு தாயி" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் போன் போகவில்லை. அம்மாவை எதிர்வீட்டு மாடியில் ஏற்றிவிட்டிருந்தார்கள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரம் சேற்றில் ஊறிக் கட்டியாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, காற்றாடியின் கீழ் நான்கு நாள் காயவைத்தோம்.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். பத்திரம், பட்டா, கார்டு எல்லாம் பிளாஸ்டிக் உறையில், பரண் உயரத்தில் இருக்கட்டும். படமெடுத்து உங்கள் போனிலும் ஒரு பிரதி வையுங்கள். ஒரே கம்பெனி சிம்மை நம்பாமல், அம்மா அப்பாவிடம் இரண்டு வேறு கம்பெனி சிம் இருக்கட்டும். பவர் பேங்கைச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தெருவில் மூன்று பேரின் எண்ணை, பால்காரர் உட்பட, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த மூன்று பேரிடமும் உங்கள் பெங்களூர் எண் இருக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எப்போதும் 15 நாளைக்குக் கையிருப்பில் இருக்கட்டும். வீட்டுச் சாவி ஒன்று மாடி வீடு உள்ளவரிடம் இருக்கட்டும். ஐப்பசி பிறந்ததும் இதையெல்லாம் ஒருமுறை போனில் கேட்டுச் சரிபாருங்கள்.