நிரல் எழுதுவார்க்கு ஏற்ற மடிக்கணினி

மடிக்கணினி வாங்கப் புகும் மாணவர் ஒருவர் கடைக்காரரை நோக்கி, "நல்லது ஒன்று காட்டுங்கள்" என்று கேட்பாராயின், அவர் விலை மிக்க ஒன்றையே எடுத்து முன்வைப்பர். அதனைக் கடைக்காரர் குற்றமென்று கூறுதல் பொருந்தாது. 'நல்லது' என்னும் சொல், எதற்கு நல்லது என்பதைக் கூறாது நிற்கின்றது. ஆதலின், நிரல் எழுதும் தொழிற்கு வேண்டுவன யாவை, வேண்டாதன யாவை என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று கணித வகுப்பு நண்பர்கள் வினவக்கூடும். அதற்கு விடை கூறிப் பின்னர் மேற்செல்வோம்.

இவ்வாண்டு யாம் திருக்குறளுக்குச் சொல்லடைவு ஒன்றைப் பைதான் மொழியில் எழுதிய நிரலால் ஆக்க முயன்றோம். குறள் 1330, ஒவ்வொன்றுக்கும் ஏழு சீர், ஆகச் சீர்கள் 9310. இவற்றைக் கையால் எழுதி அடுக்குவது பெருவேலை. இத்துறையில் வழிகாட்டியவர் இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியாகிய ரொபெர்த்தோ பூசா என்பார். அவர் தோமா அக்குவினாரின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்யக் கருதி, 1949-இல் நியூயார்க்கு சென்று ஐ.பி.எம். தலைவரைக் கண்டு உதவி பெற்று, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு வேலை தொடங்கினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தபின் அது 56 தொகுதிகளாக வெளிவந்தது. அவர் அறை நிறைந்த பொறிகளாற் செய்ததை இன்று மடிமேல் வைக்கும் பொறி எளிதிற் செய்யும் என்று துணிந்தே யாமும் தொடங்கினோம்.

துணிவு தவறன்று, பொறியைத் தெரிந்தெடுத்ததே தவறாயிற்று. சென்ற ஆண்டு எம் அன்னையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் 27,000 ரூபாயை எம் கையிற் கொடுத்து, "படிப்புக்கு வேண்டியதைப் பார்த்து வாங்கு" என்றார். யாம் பார்த்தது வெள்ளிபோன்ற நிறத்தையும், விரலளவே பருத்த மெலிவையும். அதன் நினைவகம் 4 ஜிகாபைட், சேமிப்பகம் 64 ஜிகாபைட் என்று பெட்டியின்மேல் அச்சிட்டே இருந்தது. அவ்வெண்களின் பொருளை யாம் கேட்டிலோம், கடைக்காரரும் கூறினாரிலர்.

ஒரு திங்களுள் உண்மை விளங்கிற்று. நிரல் எழுதும் பதிப்பானைத் திறந்து, உலாவியில் அகராதியையும் பாடத்தையும் விரித்தால், பொறி அசைவற்று நின்றுவிடும். கட்டுரை ஒப்புவிக்கும் நாளுக்கு முந்திய இரவு, இயங்குதளத்தின் புதுப்பிப்பு வந்து சேமிப்பகத்தில் எஞ்சியிருந்த இடத்தையும் கவர்ந்துகொள்ள, மூன்று மணி நேரம் எழுதியது சேமிக்கப்படாமற் போயிற்று. நினைவகத்தைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டி, "தம்பி, இது பலகையோடு பற்றவைத்தது; கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது" என்றார். இச்செய்தியை அன்னையாரிடம் கூற எமக்கு இரண்டு திங்கள் ஆயின.

நிற்க. நினைவகம் என்பது யாது? விடுதி அறையில் நமக்குள்ள மேசை எத்தகையதோ, பொறிக்கு நினைவகம் அத்தகையது. அலமாரி எத்தகையதோ, சேமிப்பகம் அத்தகையது. அலமாரி எவ்வளவு பெரிதாயினும், மேசை சிறிதாயின் ஒரு நூலை விரிக்க மற்றொன்றை மூடி எடுத்து வைத்தல் வேண்டும். பொறியும் அங்ஙனமே நினைவகம் போதாதவழிச் சேமிப்பகத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓயாது அலைகின்றது. அவ்வலைச்சலையே நாம் பொறி தாமதிக்கின்றது என்கின்றோம்.

ஈண்டு வியப்பான செய்தி ஒன்றுண்டு. எமது வேலைக்குரிய நூல் மிகச் சிறியது. யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கிய குறியீடு ஒவ்வொன்றும் யு.டி.எப்.-8 என்னும் வடிவில் மூன்று பைட் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. ஆகப் பதினைந்து பைட். இவ்வாறு பெருகியும், குறள் முழுவதும் ஒரு மெகாபைட்டுக்கு உட்பட்டே நிற்கும். ஆகவே நினைவகத்தை உண்பது நாம் எழுதும் நிரலன்று. அதனை எழுதுதற்குத் துணையாக நாம் திறந்து வைக்கும் உலாவியும் பதிப்பானும் பிறவுமே. இதனை அறியாதார், "சிறு நிரல்தானே, சிறு பொறி போதும்" என்று எம்மைப்போல இடர்ப்படுவர். எமது துணிபு, 8 ஜிகாபைட் கீழெல்லை. 16 ஜிகாபைட் இருப்பின் நான்கு ஆண்டும் கவலையின்றிக் கழியும். ஆண்டிராய்டு செயலி எழுதுவோரும், ஒரு பொறிக்குள் மற்றொரு பொறியைப் பாவனையாக இயக்குவோரும் 16-க்குக் குறையக் கொள்ளலாகாது. எவ்வளவு உள்ளது என்பதனோடு, பின்னர்க் கூட்ட இடமுண்டா என்பதையும் கேட்டறிக. பற்றவைத்ததாயின், வாங்கும் நாளில் உள்ளதே இறுதிவரை உள்ளது.

செயலியைக் குறித்து விளம்பரங்கள் பேசுமளவு யாம் பேச வேண்டுவதில்லை. பெரிய சி++ நிரல்களை நாள்தோறும் தொகுப்பார்க்கு உட்கருக்கள் மிக்க செயலி நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது மெய்யே. பயிலும் மாணவர்க்கோ அண்மைக் காலத்து நடுத்தரச் செயலி எதுவும் போதும். எனினும் அதன் தலைமுறையை நோக்குதல் இன்றியமையாதது. விண்டோசு 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோசு 11, இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவுமே ஏற்கும். லினக்சை விரும்புவார்க்கு இத்தடை இல்லை. அது பழம்பொறியிலும் செவ்வனே நடக்கும், விலையும் இல்லை. ஐபோனுக்குச் செயலி எழுத விரும்புவாரோ, எக்சுகோடு என்னும் கருவி மேக் இயங்குதளத்தில் மட்டுமே நடத்தலின், ஆப்பிள் பொறியை நாடியே ஆதல் வேண்டும்.

தனி வரைகலைச் செயலி வேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். விளையாட்டுக்கு வேண்டும், ஆனால் விளையாட்டுப் பொறியைப் படிப்புப் பொறியென்று வீட்டாரிடம் கூறி வாங்குதல் நேர்மையன்று. பொறிக் கற்றல் பயில்வோர் சிறிது கணக்கிட்டுப் பார்க்கட்டும். எழுநூறு கோடி அளபுருக்கள் கொண்ட மொழி மாதிரி ஒன்று, அளபுரு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் கொள்ளுமாயின், 14 ஜிகாபைட் இடம் வேண்டும். மாணவர் விலைக்குக் கிடைக்கும் வரைகலைச் செயலிகளில் அவ்வளவு நினைவகம் காண்டல் அரிது. அத்தகையோர்க்குக் கூகுள் கோலாப் போன்ற வழிகள் இணையத்தில் ஓரளவு இலவசமாகவே உள. அவற்றிற் பயின்று, தேவை முதிர்ந்தபின் செலவிடலாம்.

சேமிப்பகம் சுழலும் தட்டாக இராது எசு.எசு.டி. வகையாக இருத்தல் வேண்டும். 256 ஜிகாபைட் போதும். 512 இருப்பின் நன்று. இதற்குமேல் இதனைப்பற்றிக் கூற ஒன்றுமில்லை.

இனி, ஒருவரும் கேளாத இரண்டினைப் பற்றிக் கூறுவாம். ஒன்று விசைப்பலகை, மற்றொன்று திரை. நிரல் எழுதுவார் நாள்தோறும் பல மணி நேரம் தொடுவது செயலியை அன்று, விசைகளையே. விசை ஆழ்ந்து அமுங்கி, அமுங்கியதை விரலுக்கு உணர்த்தி மீளல் வேண்டும். மெலிந்த பொறிகளுட் சிலவற்றில் விசைகள் வெறும் பலகையைத் தட்டுவது போல்வன; ஒரு மணி நேரத்துள் விரல்நுனி நோகும். அடைப்புக்குறிகளும் அம்புவிசைகளும் நெருக்கிச் சுருக்கப்படாது இருக்கின்றனவா என்பதையும் காண்க. தமிழ் எழுதுவார்க்கு இது பின்னும் இன்றியமையாதது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பெற்ற தமிழ் 99 முறையில் உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் பெரும்பாலும் பகிர்ந்து அமைந்திருத்தலின், இரு கையும் மாறி மாறி இயங்கும். விசைகள் தளர்ந்த பொறியில் அவ்வோட்டம் கெட்டுப் புள்ளி விழுந்தும் விழாமலும் போம். கடையிலேயே இருபது வரி தட்டச்சிட்டுப் பார்க்க நாணுதல் வேண்டா.

திரையைக் குறித்தும் எண்களே பேசும். 1366க்கு 768 என்னும் திரையினும் 1920க்கு 1080 என்னும் திரை உயரத்தில் நூற்றுக்கு நாற்பது புள்ளி மிகுதியாக உடையது. அவ்வளவு மிகுதியான வரிகளை ஒருங்கே காணலாம். ஒருபால் நிரலும் ஒருபால் மூலநூலும் வைத்து ஒப்பிடுவார்க்கு முன்னது போதாது. பளபளக்கும் திரை கடையில் அழகாகத் தோன்றும். சன்னலோரத்து விடுதி மேசையில் அது நம் முகத்தையே நமக்குக் காட்டும். ஒளி மீளாத மங்கல் திரையே கண்ணுக்கு இனியது.

இவ்வளவும் கற்றபின் யாம் இரண்டாம் முறை வாங்கினோம். புதிது வாங்கப் பணமில்லை. அன்னையாரிடம் உண்மையைக் கூறியபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, "இந்த முறை தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ" என்று மட்டும் சொன்னார். கணினித் துறையின் மூத்த மாணவர் ஒருவரை, யாம் அண்ணா என்று அழைப்பவரை, உடன்கொண்டு சென்றோம். பெரிய அலுவலகங்கள் மடிக்கணினிகளைச் சில ஆண்டு ஆண்டபின் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூடு, எச்.பி.யின் எலைட்புக் முதலியன அவ்வாறு சந்தைக்கு வருகின்றன. அவை அலுவலக உழைப்புக்கென்றே திண்ணிதாகச் செய்யப்பெற்றவை. யாம் கொண்டது 2018-இல் வெளிவந்த திங்க்பேட் டி480. இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி. நினைவகம் செருக இரண்டு இடம். மின்கலம் இரண்டு, ஒன்று உள்ளே, மற்றொன்று வெளியே கழற்றத்தக்கது. அழகு என்று சொல்ல அதனிடத்து ஒன்றுமில்லை, கரிய பெட்டி. விலை 21,000 ரூபாய்.

அண்ணா பொறியைச் சோதித்த முறையைப் பின்வருவார் பயன்கருதிக் கூறுகின்றோம். முதற்கண் அடிமூடியைத் திறந்து இரண்டாம் நினைவக இடம் ஒழிந்திருத்தலைக் கண்டார். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுதும் விரித்துக் கறை உண்டா என்று நோக்கினார்; அதே மாதிரிப் பெயரில் 768 திரையுடையனவும் விற்றலின் 1080 தானா என்பதையும் உறுதி செய்தார். விசை ஒவ்வொன்றையும் அழுத்தினார். கீலை நாலைந்து முறை திறந்து மூடினார். மின்கலம் செய்தகாலத்துக் கொள்ளளவையும் இப்பொழுது நிரம்பும் கொள்ளளவையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு எழுபதே எஞ்சியுள்ளது என்று காட்டி, அதற்கெனச் சிறிது விலை குறைப்பித்தார். எல்லாவற்றினும் மேலாக, தொடக்க அமைப்புக்குள் நுழையப் பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் கேட்கின்றதா என்று பார்த்தார். கேட்குமாயின் அதனைத் தொடாது வருதலே தக்கது. பின்னர் நீக்குவது எளிதன்று. ஆறு திங்கள் உத்தரவாதத்தைச் சீட்டில் எழுதி வாங்கியபின்னரே பணம் கொடுத்தோம்.

பின்னர் 8 ஜிகாபைட் நினைவகத் துண்டு ஒன்றை ஒழிந்த இடத்திற் செருகி 16 ஆக்கிக்கொண்டோம். வெள்ளி நிறப் பொறியை விற்க மனம் ஒருப்படவில்லை. மற்றொருவரும் ஏமாறுதல் வேண்டா என்று தங்கைக்குப் பாடம் படிக்கக் கொடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அதுவும் நன்றாகவே நடக்கின்றது.

புதிய பொறியில், அஃதாவது பழைய பொறியில், எமது நிரல் 9310 சீர்களையும் ஒரு நொடிக்குள் எண்ணி அடுக்கிவிட்டது. அடைவைத் திறந்தபோது னகரச் சொற்கள் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்தின் முன்னும் நின்றன. யூனிகோடு தமிழெழுத்துக்களை அடுக்கியுள்ள வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. எவ்வளவு விலை கொடுத்த பொறியும் அவ்வரிசையையே தானாக அறியும். ஆகவே, பதினெட்டு மெய்யையும் உரிய முறையில் நிறுத்தும் சிறு அட்டவணை ஒன்றை இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கின்றோம். புள்ளி பெற்ற மெய்யை உயிர்மெய்க்கு முன் நிறுத்தும் பகுதி மட்டும் இன்னும் சரிவரவில்லை.